ஓர் ஐ குறைவு

மணிமேடைப் பக்கம், வங்கியின் இரண்டாம் மாடி.
மூன்றரை மணிக்குக் கூரியர்ப் பையன்
நனைந்த உறையொன்றை மேசையில் வைத்துப் போனான்.
பிசாவுவிலிருந்து.
ஒற்றைத் தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை,
கூடவே நாங்கள் அனுப்பிய மூலக் கடிதம்.

அதை எழுதியவள் நான்.
காத்திருப்புக் கடன் கடிதம்.
எழுதும்போதே இது உறங்கிக் கிடக்கட்டும் என்று
எல்லாரும் வேண்டிக்கொள்ளும் கடிதம்.
கருங்கல் ரசலையன்
அண்டிக்கு உண்டான பணத்தைக் கட்டிவிட்டால்
அதற்கு வேலையே இல்லை.

எழுப்புவதற்கு முறை உண்டு.
உரிய இடத்தில், உரிய நாளுக்குள்
"கட்டவில்லை" என்று அவர்கள் சொன்னால் போதும்.
மெய்ப்பிக்க வேண்டாம்.
மெய்தானா என்று நான் கேட்கவும் கூடாது.

மறுநாள் ரசலையன் வந்தார்.
வேட்டிக் கரையில் செம்மண்.
பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து
என் விசைப்பலகை ஓரம் ஒரு பிடி அண்டியைக் குவித்தார்.
"பாருங்க மேடம், பாதி பூத்துப் போச்சு.
அண்டி ஆபீஸ்ல பெண்ணுங்க மூக்கப் பொத்திட்டு உடைக்காளுவ.
இதுக்கா ரூவா?"

பூசணம் கண்ணில் பட்டது. வாடையும் வந்தது.
விதிப்படி நான் அண்டியைப் பார்க்கவில்லை.
தாளைத்தான் பார்த்தேன்.

ஆராய்வதற்கு
மூன்று நாள் எடுத்தால் நியாயம்,
ஏழு தாண்டினால் அநியாயம்,
இடைப்பட்ட நாட்கள் அவரவர் மனசாட்சி.
எனக்கு இரண்டாம் நாளே தட்டுப்பட்டுவிட்டது.

கடிதத்தில், மேற்கோள் குறிக்குள் ஒரு வாசகம்.
அச்சொட்டாக இப்படியே எழுத வேண்டும் என்ற நிபந்தனை.
அதில் இன்வாய்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லில்
ஓர் ஐ விழுந்துபோயிருந்தது.
மார்ச் மாதக் கடைசி, இரவு ஒன்பது மணி,
நான் விட்டது.
நான் என்று பொருள்படும் அதே எழுத்து.

பிசாவுவில் யாரோ,
கண்டிப்பான டீச்சரிடம் படித்தவராக இருக்கும்,
என் பிழையைத் திருத்தி
முழுச் சொல்லாகத் தட்டி அனுப்பியிருந்தார்.
வெறும் மேற்கோள் குறி என்றால் திருத்தம் செல்லும்.
அச்சொட்டாக என்று கேட்டுவிட்டால்
பிழையையும் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

போனில் சொன்னேன்.
"குறையைப் பொருட்படுத்த வேண்டாம்னு எழுதித் தாறீங்களா?"
ரசலையன் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார்.
"ஒங்க தப்பு எனக்கு லாபமாக்கும்.
கர்த்தர் கண்ண மூடல பாத்தியளா."

மறுப்பு அறிவிப்பைத் தட்டினேன்.
காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டியிருந்தது:
சொல் சரியாக எழுதப்பட்டுள்ளது.
இரண்டு முறை அழித்துவிட்டு
அதையே எழுதினேன்.

அன்றிரவு கருங்கலில் கோழிக்கறி என்று
அவருடைய டிரைவர் பிற்பாடு சொன்னான்.

ஒன்பதாம் நாள், காலாவதிக்கு இரண்டு நாள் மிச்சமிருக்க
இன்னொரு உறை.
அதே கையெழுத்து, அதே முத்திரை.
ஐ இல்லை.
அது இருந்த இடத்தில் இடைவெளிகூட இல்லை.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

கொடுத்தோம்.
கொடுத்ததை அவருடைய வைப்புநிதியில் பிடித்தோம்.

சாயங்காலம் போன் வந்தது.
தகரக் கூரையில் மழை, பின்னால் தட்டுக்கட்டைச் சத்தம்.
"அப்போ அண்டி?"
"அது தனி வழக்கு சார். அங்க போய்த்தான் போடணும்."
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் இருவரும்
மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெருக்க வந்த தங்கபுஷ்பம் கேட்டாள்,
இதை எடுத்து எறியட்டுமா என்று.
கோப்பு மூடியாயிற்று,
இனி நான் பார்க்கலாம்.
ஒன்றை எடுத்து
காகித எடைக்கல்லால் தட்டினேன்.
தோட்டுப்பால் தெறித்து விரல் எரிந்தது.
உள்ளே பருப்பு வெள்ளையாக, முழுசாக,
ஒரு புள்ளிகூட இல்லாமல்.

இரண்டாவதை நான் உடைக்கவில்லை.